மெலீயில் சீக்கிரமே சாகிறீர்களா? அறிகுறியிலிருந்து கோளாறைப் பிடிப்போம்

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீயில் ஒரு ஸ்டாக் (ஓர் உயிர்) போனதும் எல்லோரும் சொல்வது, "அவன் கை ரொம்ப வேகம்" என்பதுதான். ரீப்ளேயை எடுத்து ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள், வேறு கதை தெரியும். அடி விழுந்தது எதிராளியின் திறமை, சரி. ஆனால் அந்த அடியில் செத்தது பாதி நேரம் நம் கட்டைவிரல் தவறான இடத்தில் இருந்ததால்தான். 2001-இல் கேம்க்யூபுக்கு வந்த இந்த ஆட்டம், அடி வாங்கியவனுக்கும் ஏகப்பட்ட அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் பெரும்பாலான "சீக்கிரச் சாவு"களுக்குக் காரணம்.

இது ஷார்ட் ஹாப் (குட்டிக் குதிப்பு), வேவ்டேஷ் (தரையில் சறுக்குவது) எல்லாம் ஓரளவு பழகியவர்களுக்கானது. அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு சின்ன விளக்கம், ஏனென்றால் கீழே வரும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

அடி வாங்க வாங்கச் சேதச் சதவீதம் ஏறும், ஏற ஏற அதிக தூரம் பறப்போம், திரைக்கு வெளியே இருக்கும் சாவுக்கோட்டைத் தாண்டினால் ஒரு ஸ்டாக் போகும். அடி விழுந்ததும் முதலில் வருவது ஹிட்லேக். இரண்டு பாத்திரங்களும் சில ஃப்ரேம்கள் அப்படியே உறைந்து நிற்கும். சேதத்தை மூன்றால் வகுத்து மூன்றைக் கூட்டினால் எத்தனை ஃப்ரேம் என்று தெரிந்துவிடும். பின்னம் வந்தால் விட்டுவிடலாம். ஆட்டம் ஓடுவது விநாடிக்கு 60 ஃப்ரேம். ஹிட்லேக் நடக்கும்போது ஸ்டிக்கைப் புதிதாகச் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு 6 அலகு நகரும், இது எஸ்டிஐ. ஹிட்லேக் முடியும் ஃப்ரேமில் ஸ்டிக் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் தானாகவே 3 அலகு நகரும், இது ஏஎஸ்டிஐ. அதே கடைசி ஃப்ரேமில் ஸ்டிக் இருக்கும் திசை, பறக்கும் கோணத்தை அதிகபட்சம் 18 டிகிரி வரை திருப்பும், இதுதான் டிஐ. கன்ட்ரோலரின் இரண்டாவது, சின்ன ஸ்டிக்கான சி-ஸ்டிக்கைப் பிடித்திருந்தால் ஏஎஸ்டிஐ அதன் பேச்சைத்தான் கேட்கும். டிஐ எப்போதும் பெரிய ஸ்டிக்கின் பேச்சை. இந்தக் கடைசி வரி முக்கியம், பிறகு திரும்ப வரும்.

"ஃபால்கனின் முழங்கால் பட்டால் 80, 90-லேயே பக்கவாட்டில் போய்விடுகிறேன்"

அதிகம் கேட்கிற புகார் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

முதல் சந்தேகம்: பறக்கும் திசைக்கு நேர் எதிராக ஸ்டிக்கைப் பிடிக்கிறீர்கள். வலப்பக்கம் பறக்கிறோம், இடப்பக்கம் இழுத்தால் குறைவாகப் பறப்போம் என்று தோன்றுவது இயல்பு. ஆட்டம் அப்படி வேலை செய்வதில்லை. டிஐ வேகத்தைக் குறைக்காது, கோணத்தை மட்டுமே திருப்பும். பறக்கும் பாதைக்குச் செங்குத்தாகப் பிடித்தால்தான் முழுப் பலன். பாதையோடு ஒட்டியோ அதற்கு நேர் எதிராகவோ பிடித்தால் பலன் பூஜ்ஜியம்.

கேப்டன் ஃபால்கனின் முழங்கால் சுமார் 32 டிகிரியில் அனுப்பும். நீங்கள் வலப்பக்கம் பறப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்டிக்கை நேர் இடப்பக்கம் பிடித்தால் திருப்பம் சுமார் 5 டிகிரிதான். நேர் மேலே பிடித்தால் 13. மேல்-இட மூலையில், அதாவது கன்ட்ரோலரின் எண்கோண வளையத்தில் அந்த மூலைப் பள்ளத்தில், ஸ்டிக்கைச் செருகிவிட்டால் சுமார் 17. பள்ளம் விரலுக்கே தெரியும் என்பதால் துல்லியமாகக் குறிபார்க்கவும் தேவையில்லை. 32 டிகிரியில் போகிறவர் 49 டிகிரியில் போவார், பக்கச் சுவருக்குப் பதிலாகத் திரையின் மேல் மூலையை நோக்கி. சாவுக்கோட்டில் நம்மிடமிருந்து மிகத் தொலைவில் இருப்பது அந்த மூலைதான்.

இரண்டாவது சந்தேகம்: ஸ்டிக்கை வெளிப்பக்கம், கீழே பிடிக்கிறீர்கள். இது பயிற்சி செய்தவர்களுக்கே வரும் கோளாறு. குறைந்த சதவீதத்தில் தொடர் அடியான காம்போவிலிருந்து தப்ப வெளியே டிஐ பிடித்துப் பிடித்து விரலுக்கு அதுவே பழகிவிடும். 90 தாண்டிய பிறகும் அதே கை போனால் 32 டிகிரி 14 ஆகிவிடும். அப்புறம் பக்கச் சுவருக்கு நேர் பாதைதான். இதற்குச் சரிசெய்யும் வழி, அடி விழுந்த பிறகு யோசிப்பதல்ல. எந்தச் சதவீதத்தில் "காம்போவுக்குத் தப்புவது" முடிந்து "உயிர் பிழைப்பது" தொடங்குகிறது என்று ஒவ்வொரு எதிராளிப் பாத்திரத்துக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஃபால்கன் என்றால் நான் 70 தாண்டியதுமே கட்டைவிரலை உள்-மேல் மூலைக்குத் தயாராக்கிவிடச் சொல்வேன்.

"அதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். முழங்கால் வெளியே வர 14 ஃப்ரேம். சேதம் 18, ஆக ஹிட்லேக் 9. மின்சார அடி என்பதால் வாங்கியவருக்கு அது ஒன்றரை மடங்கு, 13. ஃபால்கன் காலைத் தூக்கத் தொடங்கியதிலிருந்து உங்களுக்கு 27 ஃப்ரேம், கிட்டத்தட்ட அரை விநாடி. பார்த்துப் பிடிக்கக்கூடிய அடி இது. அந்த "பளிச்" சத்தம் கேட்டபின்தான் யோசிக்கத் தொடங்குகிறீர்கள் என்றால், பாதி நேரத்தை வீணாக்கிவிட்டீர்கள்.

"ஃபாக்ஸின் அப் ஸ்மாஷ், நேர் மேலே, முடிந்தது"

அப் ஸ்மாஷ் என்பது தரையில் நின்று மேல்நோக்கி அடிக்கும் பலமான அடி. இதில் கதை வேறு. அடி 7-ஆவது ஃப்ரேமில் வந்துவிடும், சேதம் 18, ஹிட்லேக் 9. மொத்தம் 16 ஃப்ரேம். பார்த்துவிட்டுப் பிடிக்கலாம் என்று நம்பினால் பத்தில் எட்டு முறை தாமதம்தான். ஃபாக்ஸ் உங்களை நோக்கி ஓடி வரும்போதே முடிவெடுக்க வேண்டும்.

எந்தப் பக்கம் என்பதில் பலருக்குக் குழப்பம். 80 டிகிரியில் போகிறீர்கள் என்றால் பாதை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சாய்ந்திருக்கும் பக்கமே பிடித்தால் 62 டிகிரி ஆகும், மேல்நோக்கிய வேகத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும். எதிர்ப்பக்கம் பிடித்தால் 98 டிகிரி. அதாவது இந்தப் பக்கச் சாய்வை அந்தப் பக்கச் சாய்வாக மாற்றியதோடு சரி, உயரம் துளியும் குறையவில்லை. "டிஐ பிடித்தும் செத்தேன்" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

மேடை ஓரத்தில் நின்று வாங்கினால் வெளிப்பக்கம் பிடிப்பதில் பக்கச் சுவரின் ஆபத்தும் உண்டு. ஆனாலும் மேலே செத்துவிடுவதைவிட அது பரவாயில்லை.

"சரியான திசைதான் பிடிக்கிறேன், ஆனாலும் பலன் இல்லை"

மூன்று இடத்தில் தேடுங்கள்.

ஸ்டிக் விளிம்புவரை போகிறதா? பாதி சாய்த்தால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது, அதைவிடக் குறைவு. பழைய கன்ட்ரோலரில் ஒரு மூலை மட்டும் தேய்ந்துபோய் ஸ்டிக் முழு மதிப்பைத் தொடாமல் இருப்பது சகஜம்.

கடைசி ஃப்ரேமில் ஸ்டிக் எங்கே இருக்கிறது? எஸ்டிஐ என்று ஸ்டிக்கை ஆட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஹிட்லேக் முடியும்போது ஸ்டிக் நடுவில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரே பெரிய அடி என்றால் ஆட்டாதீர்கள். மூலையில் வைத்து அழுத்திப் பிடியுங்கள், அவ்வளவுதான்.

அடி விழுமுன் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? ஓடிக்கொண்டிருந்த விரல் ஓடும் திசையிலேயே இருக்கும். அதுவே உங்கள் டிஐ ஆகிவிடும். ரீப்ளேயில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மெலீயை ஆன்லைனில் ஆட உதவும் ஸ்லிப்பி வழியாக ஆடினால் ஒவ்வொரு ஆட்டமும் தானாகவே சேமிக்கப்படும், எந்த ஃப்ரேமில் எந்தப் பொத்தான் என்பது உட்பட. அங்கிள்பஞ்ச் என்பவர் உருவாக்கிய பயிற்சி மோடில் டிஐ, எஸ்டிஐ, டெக் (தரையிலோ சுவரிலோ மோதும்போது சமாளித்து எழுவது) எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பயிற்சிகள் இருக்கின்றன. ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் அதில் செலவழிப்பது, நாள் முழுக்க ஆன்லைனில் ஆடித் தோற்பதைவிட மேல்.

"பல அடி விழும் தாக்குதலில் மாட்டினால் வெளியே வரவே முடியவில்லை"

இங்கேதான் எஸ்டிஐக்கு வேலை. ஃபாக்ஸின் அப் ஏரை, அதாவது காற்றில் மேல்நோக்கி அடிப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு அடி: முதலாவது 5 சதவீதம், வலுவில்லாதது, கொல்வது இரண்டாவது. முதல் அடியின் ஹிட்லேக்கில் ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டால் இரண்டாவது காற்றில் போகும். பிரச்சினை என்னவென்றால் அந்த ஹிட்லேக் வெறும் 4 ஃப்ரேம்தான். கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. ஃபாக்ஸ் உங்களை மேலே தூக்கி எறிந்தாரா, அடுத்து அப் ஏர்தான் வரும், இப்போதே ஸ்டிக்கைப் பக்கவாட்டில் ஆட்டத் தொடங்குங்கள். இடம், நடு, இடம் என்று தட்டுவதைவிட, இடம், மேல்-இடம், இடம் என்று வளையத்தில் உருட்டுவது வேகமாக வரும்.

பீச்சின் டவுன் ஸ்மாஷ் இதே குடும்பம், ஆனால் அங்கே குனிந்திருப்பதுதான் கோளாறு. குனிந்து வாங்கினால் விலகாமல் அத்தனை சுற்றும் உங்கள் மேலேயே விழும். பீச் உங்கள் பக்கத்தில் நின்றால் குனியும் பழக்கத்தை அப்போதைக்குக் கைவிடுங்கள்.

"20, 30 சதவீதத்திலேயே ஒவ்வொரு சின்ன அடிக்கும் தூக்கியெறியப்படுகிறேன்"

குனியுங்கள். குனிந்த நிலையில் வாங்கும் அடியின் வீச்சு, அதாவது தூக்கியெறியும் வலு, மூன்றில் இரண்டு பங்காகிவிடும். வீச்சு 80 எட்டினால்தான் பாத்திரம் உருண்டு பறக்கத் தொடங்கும். ஆக, 100 வீச்சு வர வேண்டிய அடி குனிந்தவருக்கு 67-ஆகத்தான் வரும். ஸ்டிக் ஏற்கெனவே கீழே இருப்பதால் ஏஎஸ்டிஐயும் உங்களைத் தரைக்கு இழுக்கும். எதிராளி அடித்துவிட்டு நிற்க, நீங்கள் அவருக்கு முன்னாலேயே கை கால் அசைக்கும் நிலைக்கு வந்திருப்பீர்கள். சாமஸ், பீச், ஷீக் எல்லோரும் ஆரம்ப சதவீதங்களில் பிழைப்பது இந்த வித்தையால்தான்.

இதற்கு எதிராளியின் மருந்து கிராப், அதாவது கையால் பிடிப்பது. எதிராளி நீங்கள் குனிவதைக் கண்டுகொண்டால் அடிக்காமல் வந்து பிடிப்பார். குனிந்தே உட்கார்ந்திருப்பது உயிர் காக்கும் முறை அல்ல, மற்றவற்றோடு கலந்தால்தான் வேலை செய்யும்.

அதிகம் பேசப்படாத ஒன்று: அதிக சதவீதத்திலும் குனிவதற்குப் பலன் உண்டு. 120-இல் ஒரு ஸ்மாஷ் வருவது உறுதி, தப்ப வழியில்லை என்றால், குனிந்து வாங்கி, ஹிட்லேக்கில் ஸ்டிக்கை உயிர் பிழைக்கும் மூலைக்குக் கொண்டுபோங்கள். வீச்சில் மூன்றில் ஒரு பங்கும் குறையும், கோணமும் திரும்பும்.

வி-கேன்சல் என்று ஒன்றும் இருக்கிறது. காற்றில் அடி விழுவதற்குச் சற்று முன் ஷீல்டு பொத்தானை அழுத்தினால் வீச்சு 5 சதவீதம் குறையும். இடைவெளி மூன்றே ஃப்ரேம். என்னைக் கேட்டால் இதை மறந்துவிடலாம்.

"டெக் வரமாட்டேன் என்கிறது"

தரையில் மோதுவதற்கு முந்தைய 20 ஃப்ரேமுக்குள் எல் அல்லது ஆர் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. தாராளமான இடைவெளிதான், அப்படியும் வரவில்லை என்றால் பெரும்பாலும் நீங்கள் இரண்டு முறை அழுத்துகிறீர்கள். ஒருமுறை அழுத்தியபின் 40 ஃப்ரேம் கழியும்வரை அடுத்த அழுத்தம் டெக்காக ஏறாது. பதற்றத்தில் "டக் டக்" என்று தட்டினால் முதலாவது சீக்கிரமாகிப் போகும், இரண்டாவது கணக்கில் வராது. ஒரே அழுத்தம், "கிளிக்" என்று கேட்கும்வரை முழுதாக. மெதுவாகப் பாதி அழுத்துவது உதவாது.

இது கைவந்தால் அம்சா டெக்கைப் பழகலாம். தரையில் நின்று ஒரு பலமான அடியை வாங்குகிறீர்கள். சி-ஸ்டிக் கீழே, பெரிய ஸ்டிக் கீழ்-வெளியே, ஹிட்லேக்கிலேயே எல். மேலே சொன்ன அந்த வரி இங்கே வேலை செய்கிறது: சி-ஸ்டிக் உங்களை 3 அலகு தரைக்குள் இழுக்கிறது, பெரிய ஸ்டிக் பறக்கும் கோணத்தைத் தாழ்த்துகிறது. கால் தரையைத் தொட்டதுமே டெக். செத்திருக்க வேண்டிய அடியில் அங்கேயே எழுந்து நிற்பீர்கள். தாழ்ந்த கோணத்தில் அனுப்பும் அடிகளுக்குத்தான் இது சரிப்படும். ஃபாக்ஸின் அப் ஸ்மாஷுக்கு முயன்று ஏமாறாதீர்கள். பெயர் நெதர்லாந்தின் ஷீக் ஆட்டக்காரர் அம்சாவிலிருந்து வந்தது. யோஷி ஆடும் ஜப்பான்காரர் அம்சா வேறு ஆள்.

"மேடைக்குப் பக்கத்தில் வந்தும் ஓரத்தில் மோதிக் கீழே போகிறேன்"

ஃபாக்ஸாகத் திரும்பி வருகிறீர்கள், மேடையின் பக்கச் சுவருக்கு அருகில் மார்த்தின் டவுன் டில்ட் (குனிந்தபடி அடிக்கும் அடி) படுகிறது, கதை முடிந்தது என்று கன்ட்ரோலரைக் கீழே வைக்கிறீர்கள். வைக்காதீர்கள். அடியின் ஹிட்லேக்கில் ஸ்டிக்கைச் சுவர்ப்பக்கம் தட்டி எஸ்டிஐ செய்து, சி-ஸ்டிக்கையும் சுவர்ப்பக்கமே பிடித்து, எல் அழுத்தினால் சுவரில் டெக் ஆகும். ஸ்டிக்கை மேலே பிடித்தால் சுவரிலிருந்து துள்ளியும் வரலாம். எதிராளி ஓரத்தில் நின்று குனிந்தாலே "இப்போது டவுன் டில்ட்" என்று எதிர்பார்த்து எல் அழுத்தத் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொரு எளிய கோளாறும் உண்டு: ரெக்கவரி, அதாவது மேடைக்குத் திரும்புவது, சரியாகவே வருகிறது, ஆனால் பாத்திரம் விளிம்பைப் பிடிக்காமல் நழுவுகிறது. ஸ்டிக் கீழே இருக்கும்போது விளிம்பைப் பிடிக்காது. அப்-பி (மேல்நோக்கி எழும் சிறப்பு அசைவு) முடிந்ததும் ஸ்டிக்கை விட்டுவிடுங்கள்.

"எப்படி வந்தாலும் எதிராளி கண்டுபிடித்துவிடுகிறார்"

நீங்கள் எப்படி வருகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலானோர் அடி வாங்கியதும் பதறி இரண்டாவது குதிப்பைச் செலவழித்துவிடுகிறார்கள். அது போனபின் ஒரே வழிதான் மிச்சம், எதிராளிக்கு ஊகிக்க ஒன்றுமே இல்லை. குதிப்பு கையில் இருக்கும்வரை அவர் இரண்டு மூன்று உயரங்களைக் காவல் காக்க வேண்டும்.

ஃபாக்ஸின் அப்-பியான ஃபயர் ஃபாக்ஸ் கிளம்ப 42 ஃப்ரேம் ஆகும். அவ்வளவு நேரம் எரிந்துகொண்டு நிற்பவரை எவரும் நிதானமாக நடந்து வந்து அடிப்பார். அதனால் பக்கவாட்டில் பாயும் இல்யூஷன் செய்ய இடமிருந்தால் அதையும் கலந்து வையுங்கள், விளிம்புக்கு ஒன்று, மேடைமேல் உயரமாக ஒன்று, இடையில் பி அழுத்திக் குறுக்கியது ஒன்று. விளிம்பை ஒருவர்தான் பிடிக்க முடியும் என்பதையும் மறக்கக் கூடாது. எதிராளி ஏற்கெனவே அங்கே தொங்கினால் விளிம்புக்குக் குறிவைப்பதே வீண், மேடை மேல் விழுங்கள்.

"விளிம்பைப் பிடித்தபின்னும் சாகிறேன்"

சதவீதத்தைப் பாருங்கள். 100-ஐத் தொட்டதும் விளிம்பிலிருந்து எழுவது, உருள்வது, அடிப்பது எல்லாமே மந்தமாகிவிடும். 60-இல் பிழைத்த அதே உருளல் 110-இல் ஏன் சாகடிக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். கைவிட்டு இறங்கி, இரண்டாவது குதிப்பில் உள்ளே வந்து அடிப்பது ஒரு வழி. லெட்ஜ்டேஷ் இன்னும் நல்லது: கைவிட்டு, குதித்து, மேடைக்குள் ஏர்டாட்ஜ் (காற்றில் விலகுவது). சரியாக வந்தால் நின்றபின்னும் சில ஃப்ரேம்கள் உங்களை எதுவும் தொடாது. தவறினால் சோர்ந்து விழுந்து நேராகச் சாவுதான், எனவே பயிற்சி மோடில் கை நிலைக்கும்வரை கடைசி ஸ்டாக்கில் முயல வேண்டாம்.

"கீழே குத்தி அனுப்பினால் திரும்பவே முடியவில்லை"

யார் குத்தியது? கானன்டோர்ஃபின் டவுன் ஏர் (காற்றில் கீழ்நோக்கி அடிப்பது) போன்ற, நேர் கீழே அனுப்பும் மீட்டியர் அடிகளைக் குதிப்பாலோ அப்-பியாலோ ரத்து செய்யலாம். சற்றே பொறுத்து ஒரே முறை அழுத்துங்கள். முன்கூட்டியே தட்டினால் ஆட்டம் பூட்டிக்கொள்ளும். மார்த், ஃபால்கோ இருவரின் டவுன் ஏரும் இந்த வகை அல்ல, ரத்து செய்ய முடியாது. அங்கே பக்கவாட்டு டிஐயும் சுவரில் டெக்கும்தான் நம்பிக்கை.

"ஒரு மேடையில் மட்டும் அநியாயத்துக்குச் சாகிறேன்"

அது கோளாறே அல்ல. யோஷியின் ஸ்டோரியில் மேல் சாவுக்கோடு 168 அலகில், ட்ரீம் லேண்டில் 250-இல். ஃபாக்ஸின் அப் ஸ்மாஷுக்கு இது முற்றிலும் வேறு இரண்டு ஆட்டங்கள். ஃபாக்ஸை எதிர்த்து எடை குறைந்த பாத்திரம் ஆடினால் மேடைத் தேர்வில் தாழ்ந்த கூரை உள்ளவற்றை முதலில் நீக்குங்கள். மேல் கோடு 180-இல் இருக்கும் போகெமான் ஸ்டேடியமும் அந்தப் பட்டியலில் வரும். யோஷியில் ஆடியே ஆக வேண்டும் என்றால் மேடையைச் சுற்றிவரும், மேலே நிற்கக்கூடிய ரேண்டல் மேகத்தைக் கணக்கில் வையுங்கள். அது 20 விநாடிக்கு ஒரு சுற்று, எல்லா ஆட்டத்திலும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில். எந்த விநாடியில் எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்று பயிற்சியில் ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்தால், கீழே விழும்போது மேலே ஓடும் கடிகாரத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்கலாம்.